குன்னூர் கிளாரினெட்டின் வயது

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த கிளாரினெட்டில் ‘ஹாக்ஸ் அண்ட் சன், லண்டன்’ என்று இருப்பதாகவும், எந்தக் காலத்தது என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தப் பெயரே பாதி விடை. இசைக்கருவி நிறுவனங்களான ஹாக்ஸும் பூசியும் 1930-இல் இணைந்து ‘பூசி அண்ட் ஹாக்ஸ்’ ஆயின. ஆகவே உங்களுடையது பெரும்பாலும் அதற்கு முந்தையது.

அடுத்து ‘ஹெச்.பி.’ என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் அன்று வாசித்த உயர் சுருதியை (ஹை பிட்ச்) குறிப்பது அது, ஏறக்குறைய 452 ஹெர்ட்ஸ். இன்றைய 440-க்கு ட்யூன் செய்த கீபோர்டோடு சேரவே சேராது. ராணுவ முகாம் உள்ள வெலிங்டன் குன்னூருக்குப் பக்கத்திலேயே இருப்பதால், உங்களுடையதும் ராணுவ பேண்டின் கருவியோ என்ற சந்தேகம் எனக்கு வலுவாக இருக்கிறது. 17 சாவி, விரல் துளைகளைச் சுற்றி 6 வளையம் இருந்தால் அது ‘போம் முறை’ எனப்படும் சாவி அமைப்பு. குறைவாக இருந்தால் பெரும்பாலும் பழைய முறை.

தயவுசெய்து ஹீட்டர் அருகே மட்டும் வைக்காதீர்கள், மரம் வெடித்துவிடும். முத்திரையையும் தேய்த்து மெருகேற்ற வேண்டாம்.