போதை சிகிச்சையில் இருக்கும் தம்பிக்கு யூரின் டெஸ்ட் சரியாகவே வருகிறது, ஆளைப் பார்த்தால் சரியில்லையே?

கேட்டவர் மார்த்தாண்டத்துக்காரர். முன்பு போதை ஊசி போட்டுக்கொண்டிருந்த அவர் தம்பி, இப்போது நாக்குக்கு அடியில் வைக்கும் ப்யூப்ரினார்ஃபின் மாத்திரையில் இருக்கிறார். டெஸ்டில் ஒன்றும் வரவில்லை. ஆனால் ராத்திரி உறக்கமில்லை, சம்பந்தமில்லாமல் பேசுகிறார். வேறு ஏதும் எடுக்கிறாரா, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மாத்திரை நின்றால் பழைய ஏக்கம் திரும்பி வரும். ஆனால் பழைய அளவைத் தாங்கும் சக்தி உடம்பில் குறைந்திருக்கும். பலர் உயிரை விடுவது இந்த இடத்தில்தான்.

நான் நாகர்கோவில் பக்கம் ஒரு சிகிச்சை மையத்தில் கவுன்சிலராக இருக்கிறேன். உங்கள் சந்தேகம் நியாயமானது. ப்யூப்ரினார்ஃபின் மூளையில் ஓபியாய்டுகள் (ஹெராயின், மார்ஃபின் வகைப் பொருட்கள்) போய் ஒட்டும் இடத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் ஹெராயின் போட்டாலும் பழைய கிக் வராது. அதனால் சிலர் வேறு வழியில் வேலை செய்யும் சரக்குக்குப் போகிறார்கள்: மெத், மெஃபெட்ரோன் என்ற ஊக்கப் போதைகள், கஞ்சா மாதிரி என்று விற்கும் செயற்கை ரசாயனம், நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரீகாபலின் மாத்திரை. இதில் செயற்கைக் கஞ்சா வலிப்பையும் மனக்குழப்பத்தையும்கூடக் கொண்டுவரும்.

டெஸ்ட் கிட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் இரண்டு கோடு வந்தால் 'இல்லை', ஒரு கோடு மட்டும் வந்தால் 'இருக்கிறது'. ஆனால் எதைத் தேட அந்தப் பட்டையைச் செய்தார்களோ அதைத்தான் அது தேடும். மார்ஃபின் பட்டையில் டிரமடால், டபென்டடால் என்ற வலி மாத்திரைகள் வராது, கஞ்சா பட்டையில் செயற்கைக் கஞ்சா வராது. எனவே இரண்டு கோட்டைப் பார்த்து நிம்மதி அடையவும் வேண்டாம், அதை வைத்துத் தம்பியைப் பொய்யன் என்று சொல்லவும் வேண்டாம்.

இன்னொன்று, உறக்கமின்மைக்குக் காரணம் புதுப் போதையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மாத்திரையின் அளவு போதாவிட்டாலும் அப்படி இருக்கும், மனச்சோர்விலும் இருக்கும். விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவரும் ராத்திரி கடலுக்குப் போகிறவரும் மையத்தின் நேரத்துக்கு வர முடியாமல் டோஸைத் தவறவிடுகிறார்கள். அப்புறம் அந்த உடம்பு வேதனையைச் சமாளிக்க யாரோ கொடுத்ததைப் போடுகிறார்கள். இதை நான் ஒழுக்கக் கேடாகப் பார்க்கவில்லை. சிகிச்சை அவர்கள் வேலையோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பெரிய பயம் கலவைதான். ப்யூப்ரினார்ஃபினோடு பிரீகாபலினோ, பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலமோ, சாராயமோ சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். ஓபியாய்டு மயக்கத்தை முறிக்கும் நலாக்ஸோன் இவற்றை முறிக்காது. எழுப்பியும் எழவில்லை, தொண்டையில் களகளவென்று சத்தம், உதடு நீலம் என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108ஐ அழையுங்கள். உறங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

தம்பியிடம் 'என்னலே போட்ட?' என்று ஆரம்பித்தால் வாய் திறக்கமாட்டார். 'மக்களே, ராத்திரி உறக்கம் பிடிக்குதா?' என்று பாசமாகக் கேட்டுப் பாருங்கள். எங்களிடம் வருபவர்கள் பலர் இந்தக் கேள்விக்குத்தான் மனம் திறந்திருக்கிறார்கள். சட்டைப் பையில் காலி மாத்திரை அட்டை கிடந்தால் கிழித்து எறியாமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். பெயர் தெரிந்தால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது.

போலீஸ் பயத்தால் மறைக்க வேண்டாம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டிய, போதைக்கு அடிமையானவர், அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி உண்டு. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14446 என்ற போதை மீட்பு உதவிக்கான இலவச எண்ணில் முதலில் நீங்களே பேசுங்கள், தம்பி கூட இருக்க வேண்டும் என்றில்லை.