பாலம்: கேள்வி-பதில்

எங்கள் ஊர்ப் பாலம் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்? (திருப்புல்லாணி)

எந்தப் பாலம், எத்தனை கண் (தூணுக்குத் தூண் உள்ள இடைவெளி), கட்டியது எப்போது, அடியில் ஓடுவது நன்னீரா உப்பங்கழியா, ஒன்றும் எழுதவில்லை. ஜோசியரிடம் கேட்கவேண்டிய கேள்வி.

தளத்தின் அடியில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. கலவை பூசினால் போதும் என்கிறார் ஒப்பந்தக்காரர். (தேவிபட்டினம்)

போதாது. நம் கடற்கரையில் பழுதுபார்ப்பு என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது இந்தப் பூச்சு வேலைதான். மேலே வெள்ளையும் அடித்துவிட்டால் ஆய்வுக்கு வருகிறவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. துரு, தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெரிசலில்தான் கான்கிரீட் வெடிக்கிறது. துருவை உள்ளே வைத்துப் பூசினால் பூச்சும் அதே வழியில் விழும்.

முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொக்கையாகக் கேட்கும் இடம் முழுவதையும் சாக்பீஸால் வளைத்துக் கோடு போடுங்கள்; பெயர்ந்த இடத்தைவிட அது எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையுமளவு, சுமார் 20 மி.மீ., கொத்தவேண்டும். பாதிக் கம்பி பழைய கான்கிரீட்டில் புதைந்திருந்தால் வேலை வீண். மணல் பீய்ச்சித் துருவை எடுத்தபின் விட்டத்தை அளந்து, மிகவும் தேய்ந்திருந்தால் பொறியாளர் கணக்குப்படி கூடுதல் கம்பி சேருங்கள். அப்புறம்தான் துருத்தடுப்புப் பூச்சு, பாலிமர் கலவை, அதன்மேல் ஈரச் சாக்கு.

இதோடும் முடியாது. ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றியுள்ள உப்பேறிய கான்கிரீட்டில் அடுத்த துரு வேகமாகக் கிளம்பும். ஓரக் கம்பிகளில் துத்தநாக ஆனோடு (கம்பிக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகக் கட்டி) கட்டினால் அதைத் தள்ளிப்போடலாம். மேலே ஜாயின்ட், அதாவது தளத்துண்டுகளுக்கு இடையிலுள்ள இணைப்பு, ஒழுகினால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். மண்டபம் ஊரில் துருச் சோதனை நிலையம் வைத்திருக்கிறார்கள் என்றால் நம் காற்றின் குணம் அப்படி.

வெடிப்பு இல்லை, பழுப்புக் கறைக் கோடு மட்டும். (தொண்டி)

தட்டிப் பாருங்கள். பொக்கை இல்லையென்றால் ஹாஃப் செல் சோதனை, அதாவது கம்பியின் மின்னழுத்தத்தை அளப்பது. தாமிர சல்பேட் மின்முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டி இன்னும் மைனஸ் பக்கம் போனால் உள்ளே துரு ஓடுகிறது என்றே வைத்துக்கொள்ளலாம். 90 சதவீத வாய்ப்பு.

கடலோர வேலைக்கு சல்பேட் தாங்கும் சிமென்ட்தானே நல்லது? (உச்சிப்புளி)

கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அல்ல. இங்கே எதிரி கடலுப்பில் இருக்கும் குளோரைடு. அதைப் பிடித்துவைக்கும் சக்தி அந்த சிமென்ட்டுக்குக் குறைவு. ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) கலந்த சிமென்ட் வாங்குங்கள். கம்பிக்கு வெளியே கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்) குறையக்கூடாது: கடலோரத்துக்கு 50 மி.மீ., அலை தொட்டுத்தொட்டுக் காயும் தூணுக்கு 75.

ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் கலவை போடலாமா? (ஏர்வாடி)

லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்குள் இருந்தால் போடலாம். கடல்நீரில் 19,000 இருக்கும். நாக்கில் வைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது, ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை விடுகிறார்கள். அந்தக் கணக்கைக் கம்பி வேலைக்குக் காட்டி ஏமாற்றுகிறவர்கள் உண்டு.

பாலத்தின்மேல் மறுபடி தார் போட்டிருக்கிறார்கள். நல்லதுதானே? (சாயல்குடி)

பழையதைச் சுரண்டிவிட்டுப் போட்டார்களா? 5 செ.மீ. தார்த்தளம் சதுர மீட்டருக்கு 115 கிலோ. 20 மீட்டர் கண், ஏழரை மீட்டர் அகலம் என்றால் ஒவ்வொரு தடவையும் 17 டன் சுமை நிரந்தரமாக ஏறுகிறது. ஜாயின்டும் வடிகுழாய் வாயும் தாருக்கடியில் போயிருக்கும். வடிகுழாயை இப்போதே தோண்டித் திறக்கச் சொல்லுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு கீழே போய்த் தட்டிப் பாருங்கள்.