பூல் ஆட கியூ வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி பதில்

கே: நண்பர்களோடு வாரம் மூன்று நாள் பூல் (மேஜையில் பந்தைக் குழியில் தள்ளும் ஆட்டம்) ஆடுகிறேன். சொந்தமாக கியூ (பந்தை அடிக்கும் கோல்) வாங்கப் பதினைந்தாயிரம் சேர்த்திருக்கிறேன். கார்பன் ஃபைபரா, மரமா? (வேளச்சேரி வாசகர்)

ப: மரமே போதும், மிச்சக் காசில் டேபிள் கட்டணம் கட்டி ஆடுங்கள். பூல் பார்லர் சுவரில் சாத்தி வைத்திருக்கும் கியூக்களில் பெரிய தொல்லையே, இன்றைக்குக் கையில் கிடைத்தது நாளைக்குக் கிடைக்காது என்பதுதான். எடை வேறு, டிப் (கியூ முனையில் ஒட்டியிருக்கும் தோல்) வேறு, பழகின கை மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். சொந்த கியூ இருந்தால் அந்தத் தலைவலி இல்லை. 58 அங்குல நீளம், 19 அவுன்ஸ் எடை, மேப்பிள் மர ஷாஃப்ட் (கியூவின் முன்பாதி), 13 மி.மீ. டிப்: இதில் ஆரம்பியுங்கள்.

கார்பனைப் பற்றி எல்லோரும் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. கியூவால் நாம் அடிக்கும் வெள்ளைப் பந்தின் இடப்பக்கம் அடித்து சைடு (பக்கச் சுழற்சி) கொடுத்தால், பந்து குறிவைத்த கோட்டில் போகாமல் சற்று வலப்பக்கம் விலகும். கியூவின் முனைப்பகுதி எவ்வளவு கனமோ அவ்வளவு விலகல். கார்பன் ஷாஃப்ட் குழலாக இருப்பதால் முனை இலேசு, விலகலும் குறைவு. ஆனால் அடியோடு போய்விடாது. வெள்ளையை நட்டநடுவில் அடித்து நேராக அனுப்பவே இன்னும் கை வரவில்லையென்றால் இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அது வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கே: அண்ணனுடைய ஸ்னூக்கர் கியூவில் பூல் ஆடலாமா? (பெரம்பூர் வாசகி)

ப: ஆடலாம், பிரேக் (அடுக்கி வைத்த பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடி) மட்டும் அடிக்காதீர்கள். ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ., பூல் பந்து 57.15 மி.மீ., எடையும் அதிகம். 9, 10 மி.மீ. டிப்பை வைத்து முழு வேகத்தில் மோதினால் டிப் சப்பையாகிவிடும், அண்ணனிடம் திட்டும் வாங்குவீர்கள். பிரேக்குக்கு பார்லர் கியூ இருக்கவே இருக்கிறது.

கே: எவ்வளவு சாக் (டிப் வழுக்காமலிருக்கப் பூசும் சுண்ணக்கட்டி) போட்டாலும் ஸ்பின் அடிக்கும்போது வழுக்குகிறது. விலை உயர்ந்த சாக் வாங்கட்டுமா? (அண்ணா நகர் வாசகர்)

ப: முதலில் டிப்பைப் பாருங்கள். கியூவில் பந்தைத் தொடுவது அந்தச் சின்னத் தோல் ஒன்றுதான். கைப்பிடியில் இழைத்திருக்கும் வேலைப்பாடு எதுவும் பந்துக்குத் தெரியாது. டிப் பளபளவென்று இருந்தால் சாக் அதில் ஒட்டாது, லேசாக உரசிச் சொரசொரப்பாக்குங்கள். தட்டையாக இருந்தால் ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, அதன் விளிம்பு வளைவுக்கு வரும்வரை தேய்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், சாக்கை டிப்பின் மேல் கவிழ்த்துத் திருகுகிற பழக்கத்தை விடுங்கள், சாக்கின் நடுவில் குழிதான் விழும். பூசுகிற மாதிரி மேலோட்டமாகத் தடவினால் போதும். சாதாரண சாக்கே நன்றாக வேலை செய்யும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வியர்த்து கியூ ஓடாமல் ஒட்டுகிறதென்று பலர் டால்கம் பவுடரை அள்ளிப் பூசுகிறார்கள், அது முழுக்க மேஜைத் துணியில்தான் போய்ப் படிகிறது. மூன்று விரல் கையுறை போடுங்கள், இல்லை ஷாஃப்டை ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள்.

கே: பூலில் எக்காலத்துக்கும் சிறந்தவர் யார்? நழுவாமல் பதில் வேண்டும். (திருவல்லிக்கேணி வாசகர்)

ப: எஃப்ரென் ரேயஸ். பிலிப்பைன்ஸ்காரர், மணிலாவில் மாமாவின் பூல் ஹாலில் வேலை பார்த்து வளர்ந்தவர். 1985-இல் அமெரிக்காவுக்குப் போனபோது, பெயரைக் கேட்டாலே யாரும் ஆட வரமாட்டார்கள் என்று சீசர் மொராலஸ் என்ற பெயரில் ஆடினார்! 1994-இல் யு.எஸ். ஓப்பன் பூல் போட்டியை வென்ற முதல் வெளிநாட்டவர், 1999-இல் உலக நைன்-பால் (ஒன்பது பந்து பூல்) சாம்பியன். 1996-இல் ஹாங்காங்கில் அமெரிக்க வீரர் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டுடன், முதலில் 120 கேம் ஜெயிப்பவருக்கே வெற்றி என்ற பந்தயத்தில் 120-117 என்று ஜெயித்தார்.

அமெரிக்க வீரர் ஷேன் வான் போனிங் பெயரைச் சொல்லிச் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். ஐந்து யு.எஸ். ஓப்பன், 2022 உலகப் பட்டம், அவர் பிரேக்குக்கு நானும் ரசிகன்தான். பழைய அமெரிக்க வீரர் வில்லி மொஸ்கோனி 1954-இல் தொடர்ச்சியாக 526 பந்தைக் குழியில் போட்டதையும் மறக்கவில்லை. ஆனாலும் வெள்ளைப் பந்து மற்ற பந்துகளுக்குப் பின்னால் மறைந்துபோய், வழியே இல்லை என்று மற்றவர்கள் கையை விரிக்கிற இடத்தில், மேஜை விளிம்பிலுள்ள குஷன் குஷனாக மோதி அனுப்பிப் பந்தைப் போட ரேயஸை விட்டால் ஆளில்லை.

கே: சென்னையில் யாராவது? (மயிலாப்பூர் வாசகர்)

ப: பூல் இல்லை, ஸ்னூக்கரில் அனுபமா ராமச்சந்திரன். 2025 நவம்பரில் தோகாவில் ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3-2 என்று வீழ்த்தி உலகப் பட்டம் வாங்கியவர்.

கே: மே மாதம் முழுக்க கியூ காரிலேயே கிடந்தது. இப்போது உருட்டினால் ஆடுகிறது. நிமிர்த்த முடியுமா? (தாம்பரம் வாசகர்)

ப: கஷ்டம். ஷாஃப்டைத் தனியாகக் கழற்றி உருட்டிப் பாருங்கள். அதுவும் ஆடினால் ஷாஃப்டை மட்டும் மாற்றுங்கள், முழு கியூ வாங்க வேண்டாம். சூடு காட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்பவரிடம் கொடுத்தால் கொஞ்ச நாளில் பழையபடி வளைந்துதான் வரும். புதிய ஷாஃப்டை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஏசிக்கு நேர் எதிரே மட்டும் வேண்டாம்.