ஆரம்பநிலை சிறுநீரக நோய்: முதலில் விட வேண்டியது பருப்பை அல்ல, வலி மாத்திரையை

கேள்வி: எனக்கு 52 வயது. எட்டு வருடமாக ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.3, இ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) 66, சிறுநீரில் அல்புமின் (ஒரு வகைப் புரதம்) 90 என்று வந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே அளவுதான். சிறுநீரக நோய் இரண்டாம் கட்டம் என்றார் மருத்துவர். பயந்துபோய் பருப்பு, முட்டை, பழம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். தினமும் ஐந்து லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன். மூட்டு வலிக்கு மட்டும் அவ்வப்போது டைக்ளோஃபினாக் போட்டுக்கொள்கிறேன். டயாலிசிஸ் வரை போய்விடுமா?

பதில்: இந்தக் கட்டத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் டயாலிசிஸ் வரை போவதில்லை. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். ஆனால் நீங்கள் விட்டவையும் விடாதவையும் தலைகீழாக இருக்கின்றன.

உடனே நிறுத்த வேண்டியது டைக்ளோஃபினாக்கைத்தான். ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸன் போன்றவையும் அதே ரகம். இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. ரத்தக் கொதிப்பு மாத்திரையோடு சேரும்போது ஆபத்து இன்னும் கூடும். சளி, காய்ச்சலுக்கு வாங்கும் கூட்டு மாத்திரைகளிலும் இவை ஒளிந்திருக்கும். அட்டையின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். வலிக்கு பாராசிட்டமால் போதுமா, எந்த அளவில் என்று மருத்துவரிடம் கேளுங்கள். தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிகளும் முழங்கால் வலிக்கு நன்றாகவே கைகொடுக்கும்.

எல்லோரும் கிரியாட்டினினையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்ப்பது அந்த 90-ஐத்தான். 66 என்ற இ.ஜி.எஃப்.ஆரை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அல்புமின் 30-க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டி மூன்று மாதமாகக் கசிகிறது என்றால் வடிகட்டியில் பழுது தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நல்ல செய்தி, இந்த எண்ணைக் கீழே கொண்டுவர முடியும். ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் வகை மாத்திரைகள் கொதிப்பைக் குறைப்பதோடு கசிவையும் குறைக்கும். நீங்கள் சாப்பிடுவது இந்த வகைதானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறலாம். 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக மாத்திரையைத் தொடரவே சொல்வோம். எண்ணைப் பார்த்துப் பதறி நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ரத்த அழுத்தம் 130/80-க்குள் இருந்தால் நல்லது. வீட்டிலேயே கருவி வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, பாதம் தரையில் பதிய, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். அதைக் குறித்து வைத்து அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு. சமையலில் குறைத்துவிட்டு பாக்கெட் உணவில் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம். லேபிளில் சோடியம் 800 மில்லிகிராம் என்று இருந்தால் அதை இரண்டரையால் பெருக்குங்கள்: 2 கிராம் உப்பு. சோடியம் குறைந்தது என்று விற்கும் மாற்று உப்பு வேண்டாம். அதில் இருக்கும் பொட்டாசியம், ராமிப்ரில், லோசார்டான் வகை மாத்திரைகளோடு சேரும்போது ரத்தத்தில் ஏறிவிடலாம்.

பருப்பு, முட்டைக்குத் திரும்பிவிடுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது கணக்கு. 65 கிலோ எடைக்கு ஏறக்குறைய 52 கிராம். அதைவிடக் குறைத்தால் தசைதான் கரையும். புரதப் பவுடர் மட்டும் வேண்டாம். பழத்தையும் விட வேண்டியதில்லை, ரத்தத்தில் பொட்டாசியம் சரியாக இருக்கும்வரை. ஐந்து லிட்டர் தண்ணீரும் தேவையில்லை. அவ்வளவு குடித்தால் சிறுநீரகம் சுத்தமாகிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. தாகத்துக்குக் குடியுங்கள், போதும். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சர்க்கரை நோய் இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

நிலை மாறாமல் இருந்தால் வருடத்துக்கு ஒரு முறையாவது கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீர் அல்புமின் மூன்றையும் பாருங்கள். கால் வீங்கினாலோ, சிறுநீர் அதிகமாக நுரைத்தாலோ, அதுவரை காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. வாந்தி, வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிப்போகும் நாட்களில்தான் ஆரம்பநிலைச் சிறுநீரகம் சட்டென்று அடிவாங்கும். அந்த நாட்களில் எந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும், எப்போது மறுபடி தொடங்க வேண்டும் என்று இப்போதே மருத்துவரிடம் கேட்டு, மாத்திரைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.