வைடு ரிசீவர் கேள்வி–பதில்: போன வாரப் புள்ளியைத் துரத்தாதீர்கள்

இது ஃபேன்டசி ஃபுட்பால் பத்தி: அமெரிக்கக் கால்பந்து வீரர்களை உங்கள் கற்பனை அணிக்கு எடுத்து, அவர்களுடைய உண்மையான ஆட்டத்துக்குக் கிடைக்கும் புள்ளிகளை வைத்து லீக்கில் மோதும் விளையாட்டு. இந்த வாரம் வந்த கடிதங்களில் பத்துக்கு ஏழு, வீசப்படும் பந்தைப் பிடிக்கும் வைடு ரிசீவர்களைப் பற்றியவை. வியப்பில்லை. பந்தோடு ஓடும் ரன்னிங்பேக்கின் கையில் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார்கள். ரிசீவருக்கோ அது காற்றில் வந்து சேர வேண்டும். பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கின் தோள், எதிராளியின் விரல் நுனி, அன்றைய வானிலை என்று நடுவே எத்தனையோ இருக்கின்றன. வாரத்துக்கு வாரம் இவர்களுடைய புள்ளிகள் ஏறி இறங்குவது அதனால்தான். என் வாராந்தரத் தரவரிசையில் 20ஆம் இடத்தில் இருப்பவருக்கும் 30ஆம் இடத்தில் இருப்பவருக்கும் நான் காணும் வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரைப் புள்ளிதான். அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள ரிசீவர்களில் ஒருவர் நிறையப் பந்து பிடிக்கிறார், ஆனால் தூரம் போவதில்லை. இன்னொருவர் குறைவாகப் பிடித்தாலும் டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது) அடிக்கிறார். யாரை இறக்குவது? (எடிசன், நியூஜெர்சி)

உங்கள் லீக்கின் புள்ளிக் கணக்கு என்ன? அதைச் சொல்லாமல் கேட்பது, போகும் ஊரைச் சொல்லாமல் பஸ் டிக்கெட் கேட்பதைப் போன்றது. இதை எத்தனை முறைதான் எழுதுவது? ஒருவர் 9 பந்து பிடித்து 70 யார்டு எடுக்கிறார் என்று வையுங்கள். மற்றவர் 3 பந்து, 60 யார்டு, ஒரு டச்டவுன். பத்து யார்டுக்கு ஒன்று, டச்டவுனுக்கு ஆறு என்று புள்ளி. பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி சேர்க்கும் முழு பிபிஆர் லீக்கில் முதல்வருக்கு 16, அடுத்தவருக்கு 15. பிடிப்புக்குப் புள்ளி தராத பழைய முறையில் 7, 12. அரை பிபிஆரில் 11.5, 13.5. ஆட்களும் அவர்களே, ஆட்டமும் அதே. கணக்கு மாறியதும் விடை புரண்டுவிடுகிறது. முழு பிபிஆர் என்றால் முதல்வரை இறக்குங்கள். மற்ற இரண்டிலும் அடுத்தவரைப் பற்றி யோசிக்கலாம். அடுத்த முறை எழுதும்போது புள்ளிக் கணக்கு, லீக்கில் எத்தனை அணிகள், எத்தனை ரிசீவர்களை இறக்கலாம் என்ற மூன்றையும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கேள்வி: செயலியில் எதிரணியின் பெயர் சிவப்பாகத் தெரிகிறது, ரிசீவர்களுக்கு எதிராக மூன்றாவது சிறந்த பாதுகாப்பு என்கிறது. இந்த ஒரு வாரம் என் நட்சத்திர ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனை பெஞ்சில் வைக்கட்டுமா? (இர்விங், டெக்சாஸ்)

வேண்டாம். நீங்கள் நினைக்கும் விபத்து நடக்கவே நடக்காது என்று சொல்லமாட்டேன். 2022 பருவத்தில் ஜெஃபர்சன் 128 பந்து பிடித்து 1,809 யார்டு எடுத்தார். அதே பருவத்தின் 17ஆம் வாரம், பெரும்பாலான லீக்குகளின் இறுதிப்போட்டி நடந்த அன்று, கிரீன் பேயில் அவர் பிடித்தது ஒரே ஒரு பந்து, 15 யார்டு. ஒரு பந்தைத் தட்டிவிட்ட கார்னர்பேக் (ரிசீவரைத் தடுப்பவர்) ஜயர் அலெக்சாண்டர், ஜெஃபர்சனுடைய ‘கிரிடி’ நடனத்தை ஜெஃபர்சனுக்கே ஆடிக் காட்டினார். அன்று கோப்பையை இழந்தவர்களிடம் நான் சொன்னது இதுதான்: நீங்கள் எடுத்த முடிவு சரி, விளைவுதான் கைகொடுக்கவில்லை. அதற்கு முந்தைய வாரம் ஜயன்ட்ஸுக்கு எதிராக அவர் எடுத்தது 12 பந்து, 133 யார்டு, ஒரு டச்டவுன். அவரை வெளியே வைக்கிறவர் இந்த மாதிரி நாளையும் சேர்த்தே இழக்கிறார்.

அந்தச் சிவப்பு நிறம் எப்படி வருகிறது என்றும் பாருங்கள். நாலைந்து வாரத்தில் அந்த அணி எந்த ரிசீவர்களைச் சந்தித்தது என்பதையே அது பெரும்பாலும் காட்டுகிறது. சுமாரான குவார்ட்டர்பேக்குகள் மூவரை வரிசையாகச் சந்தித்த எந்தப் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் மேலே ஏறிவிடும். ஒரே கார்னர்பேக் ஆட்டம் முழுவதும் ஒரே ரிசீவரைப் பின்தொடரும் ஆட்டங்கள் குறைவு. அப்படித் தொடர்கிறவரும் பல நேரம் ஸ்லாட்டுக்குள் (ஓரத்து ரிசீவருக்கும் நடுவரிசைக்கும் இடைப்பட்ட இடம்) வருவதில்லை. அமோன்-ரா செயின்ட் பிரவுனைப் போல ஸ்லாட்டிலும் நிற்கிறவர்களுக்கு இந்தப் பயம் இன்னும் குறைவு. நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியது உங்கள் மூன்றாவது, நான்காவது ரிசீவருக்குத்தான்.

கேள்வி: கணிப்பில் ஒருவருக்கு 11.8, மற்றவருக்கு 11.4. எவர்? (ஃப்ரீமான்ட்)

0.4 புள்ளி ஒரு வேறுபாடே இல்லை. குவார்ட்டர்பேக் யாருக்கு நல்லவரோ அவரை இறக்குங்கள்.

கேள்வி: வெய்வரில் (லீக்கில் யாரும் எடுக்காத வீரர்களின் பட்டியலில்) கிடந்த ஒரு ரிசீவர் போன ஞாயிறு மூன்று டச்டவுன் அடித்தார். என் இரண்டாவது ரிசீவரோ மூன்று வாரமாக 12 புள்ளியைத் தாண்டவில்லை. அவரை விட்டுவிட்டு இவரை எடுக்கிறேன், சரிதானே? (சார்லட்)

“சரிதானே” என்று கேட்கும்போதே முடிவெடுத்துவிட்டீர்கள். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு பருவமும் நல்ல அணிகள் இந்த இடத்தில்தான் பாழாகின்றன.

2019 பருவத்தின் முதல் வாரத்தில் கான்சஸ் சிட்டியின் சாமி வாட்கின்ஸ் ஜாக்சன்வில்லுக்கு எதிராக 9 பந்து பிடித்து 198 யார்டு எடுத்தார். மூன்று டச்டவுன். அன்று இரவே எங்கள் 12 அணி லீக்கில் ஒருவர், வாரம் தவறாமல் எட்டுப் பந்து வரும் தம் ரிசீவரைக் கொடுத்து வாட்கின்ஸை வாங்கினார். நான் தடுத்தும் கேட்கவில்லை. பிளேஆஃபுக்கு முந்தைய மீதி ஆட்டங்களில் வாட்கின்ஸுக்கு ஒரு டச்டவுன்கூட இல்லை. பருவம் முழுவதும் அவர் எடுத்தது 673 யார்டு. அதில் கிட்டத்தட்ட 200 அந்த முதல் நாளிலேயே வந்துவிட்டது. அன்றைய ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அணியின் முதல் ரிசீவர் டைரீக் ஹில் காயம்பட்டு வெளியேறினார் என்பதை அந்த நண்பர் பார்க்கவில்லை. அவர் கண்ணில் பட்டதெல்லாம் புள்ளி மட்டும்தான்.

இப்போது 2023க்கு வாருங்கள். ராம்ஸ் அணியில் புது வீரர் தேர்வின் ஐந்தாம் சுற்றில் எடுக்கப்பட்ட அறிமுக வீரர் பூகா நகுவா. அணியின் முதல் ரிசீவர் கூப்பர் கப் காயத்தில் இருந்தார். முதல் வாரம் சியாட்டிலில் நகுவாவை நோக்கி 15 பந்து வீசப்பட்டது. அவர் பிடித்தது 10. அடுத்த வாரம் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிராக 20 வீசப்பட்டு, 15 பிடித்தார். டச்டவுன் ஒன்றுமில்லை. “டச்டவுன் அடிக்காதவர், கப் திரும்பியதும் காணாமல் போவார்” என்று ஒதுக்கியவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். அவருடைய முதல் டச்டவுன் நான்காம் வாரம்தான் வந்தது, இண்டியானாபொலிஸில், கூடுதல் நேரத்தில். ஐந்தாம் வாரம் கப் திரும்பினார். நகுவாவோ எங்கும் போகவில்லை. பருவ முடிவில் 105 பந்து, 1,486 யார்டு. அறிமுக வீரர் எவரும் அதுவரை எட்டாத எண்கள் அவை.

ஒரே அணிக்குள் ஒருவரைத் தேடி 35 பந்து இரண்டு வாரத்தில் வருகிறது என்றால், பயிற்சியாளரும் குவார்ட்டர்பேக்கும் அவரை நம்புகிறார்கள் என்று பொருள். மூன்று டச்டவுன் வந்தால் அதற்கு அந்தப் பொருள் கிடையாது. ஒரு பந்தில் கார்னர்பேக் வழுக்கி விழுந்திருப்பார், இன்னொன்று இரண்டு யார்டு தூரத்தில் தற்செயலாகக் கையில் வந்து விழுந்திருக்கும். அடுத்த வாரம் திரும்பி வருவது டார்கெட், அதாவது அவரைத் தேடி வீசப்படும் பந்து. டச்டவுன் வர வேண்டும் என்ற கட்டாயமில்லை.

ஆகவே உங்கள் மூன்று டச்டவுன்காரரைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியவை: குவார்ட்டர்பேக் பின்வாங்கி வீசத் தயாரானபோதெல்லாம் இவர் பந்து வாங்கும் பாதையில் (ரூட்) ஓடினாரா? பத்துக்கு எட்டு முறையாவது ஓடியிருக்க வேண்டும். எத்தனை பந்து இவரைத் தேடி வந்தது? ஆறுக்குக் கீழே என்றால் பேச்சே வேண்டாம். முதல் ரிசீவர் வெளியே இருந்ததால் வந்த வாய்ப்பா? அவர் எப்போது திரும்புகிறார்? இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. உங்கள் இரண்டாவது ரிசீவரைப் பற்றியும் அவருடைய டார்கெட் எத்தனை என்று எழுதவில்லை. அது வாரத்துக்கு எட்டைத் தொட்டால் அவரை விடாதீர்கள். உங்கள் லீக்கில் யாரோ ஒருவர் நீங்கள் விடுவதற்காகக் காத்திருக்கிறார். புதியவர் வேண்டுமென்றால் பெஞ்சின் கடைசி ஆளை விட்டுவிட்டு எடுங்கள், இரண்டு வாரம் உட்காரவைத்துப் பாருங்கள்.

கேள்வி: என் ரிசீவருக்கு நிறைய டார்கெட் வருகிறது, டச்டவுன் மட்டும் இல்லை. எவ்வளவு நாள் பொறுப்பது? (டொராண்டோ)

டார்கெட் வரும்வரை. டியான்டே ஜான்சனை நோக்கி 2022இல் 147 பந்து வீசப்பட்டது. பிடித்தது 86, எடுத்தது 882 யார்டு, டச்டவுன் பூஜ்யம். அடுத்த ஆண்டு அதைவிட மிகக் குறைவாகவே பந்து வந்தும் 5 டச்டவுன். கால்வின் ஜான்சன் 1,964 யார்டு எடுத்துச் சாதனை படைத்த 2012இல் டச்டவுன் ஐந்துதான். மறு ஆண்டு 12. டச்டவுன் இல்லாத ரிசீவரை மலிவாக விற்காதீர்கள். வேறொருவர் விற்றால் வாங்குங்கள்.

கேள்வி: பஃபலோவில் பனி பொழியும் என்கிறார்கள். ரிசீவரை மாற்றட்டுமா? (நேப்பர்வில், இல்லினாய்)

பனிக்கும் மழைக்கும் நான் ஒருவரையும் மாற்றுவதில்லை. வழுக்கும் தரையில் ரிசீவருக்குத் தான் எங்கே திரும்பப் போகிறோம் என்று தெரியும், தடுப்பவருக்குத் தெரியாது. பார்க்க வேண்டியது காற்றை. மணிக்கு 20 மைலைத் தாண்டினால் நீளப் பந்தை நம்பியிருப்பவர்களை வெளியே வையுங்கள்; ஐந்தாறு யார்டில் பந்து வாங்குகிறவரை வைத்துக்கொள்ளலாம்.

காற்று என்ன செய்யும் என்பதற்கு அதே பஃபலோதான் சாட்சி. 2021 டிசம்பர் 6, திங்கள் இரவு. பேட்ரியாட்ஸின் மேக் ஜோன்ஸ் ஆட்டம் முழுவதும் வீசிய பந்துகள் மூன்று. சேர்ந்தவை இரண்டு, 19 யார்டு. 46 முறை ஓடியே 14–10 என்று வென்றார்கள். அந்தப் பக்கம் ஜாஷ் ஆலன் 30 முறை வீசி 145 யார்டுதான் எடுத்தார். அந்த வாரம் பேட்ரியாட்ஸ் ரிசீவரை நம்பியிருந்தவர்களுக்கு வெறுங்கைதான் மிச்சம்.

கேள்வி: நான் சென்னையிலிருந்து அலுவலக நண்பர்களின் லீக்கில் ஆடுகிறேன். “கொஸ்டினபிள்” (ஆடுவது ஐயம்) என்று போட்டிருந்த ரிசீவர் ஆடவே இல்லை. காலையில் எழுந்து பார்த்தால் பூஜ்யம். என்ன செய்வது?

அணிகளின் வெள்ளிக்கிழமைக் காய அறிக்கையைப் படிக்கப் பழகுங்கள். புதன்கிழமை பயிற்சிக்கு வராததைப் பெரிதாக எடுக்காதீர்கள், மூத்த வீரர்கள் பலர் அன்று ஓய்வெடுக்கிறார்கள். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் வரவில்லை என்றால் ஞாயிறும் வரமாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொடைப் பின்தசைக் காயம் என்று இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அந்தக் காயத்தோடு இறங்கும் ரிசீவர் பாதியில் வெளியேறுவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

ஆடாதவர்களின் பட்டியல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 90 நிமிடம் முன்னால் வரும். ஞாயிறு பகல் ஆட்டங்களுக்கு அது உங்கள் ஊரில் இரவு 9 மணி. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்பி வைத்தபின் 10 மணி. தூங்கப் போகுமுன் ஒரு முறை பார்த்துவிடலாம். பிந்தைய ஆட்டங்களின் பட்டியல் நள்ளிரவு தாண்டித்தான் வரும். அதற்கு விழித்திருக்க முடியாது என்றால், ஐயமுள்ளவரைப் படுக்கும் முன்பே எடுத்துவிட்டு உறுதியாக ஆடுகிறவரைப் போடுங்கள். உறுதியான 9 புள்ளி போதும்.

கேள்வி: வியாழன் இரவு ஆடும் ரிசீவரை ஃப்ளெக்ஸில் (ஒன்றுக்கு மேற்பட்ட நிலைகளின் ஆட்களை வைக்கக்கூடிய இடம்) வைத்திருக்கிறேன். பரவாயில்லையா? (ஆஸ்டின்)

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வேன்? வியாழனில் ஆடுகிறவரை ரிசீவர் இடத்தில் போடுங்கள். ஃப்ளெக்ஸில் ஞாயிறு மாலை, திங்கள் இரவு ஆடுகிறவர் இருக்கட்டும். ஞாயிறு காலை ஒருவர் காயம் என்று செய்தி வந்தால் ரன்னிங்பேக்கோ டைட் எண்டோ (தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) யாரை வேண்டுமானாலும் அங்கே வைக்க முடியும். ஒரு விரல் அசைவில் முடியும் வேலை. இதைச் செய்யாமல் தோற்றவர்கள் எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: அணியின் முதல் ரிசீவருக்குக் காயம். இரண்டாமவரை எடுத்தால் அப்படியே முதல்வரின் புள்ளி கிடைக்குமா? (சியாட்டில்)

அப்படியே கிடைக்காது. எதிரணியின் சிறந்த கார்னர்பேக்கும் இனி இரண்டாமவரைத்தான் தேடி வருவார். பந்து பலருக்குப் பிரியும். ஸ்லாட்டில் நிற்பவருக்கும் டைட் எண்டுக்கும் கணிசமாகப் போகும். முழு பிபிஆரில் நான் முதலில் தேடுவது அந்த ஸ்லாட் ஆளை. இரண்டாமவருக்காக வெய்வரில் ஆளெடுக்க ஏலம் கேட்கும் பணத்தில் பாதியைக் கொட்டாதீர்கள், கால்வாசி போதும்.

கேள்வி: திங்கள் இரவு எனக்கு 7 புள்ளி தேவை. மிச்சமிருப்பவர் ஐயத்துக்குரிய ரிசீவர் ஒருவர்தான். (எடிசன், நியூஜெர்சி)

அதே ஆட்டத்தில் ஆடும் இன்னொருவரை வெய்வரிலிருந்து இப்போதே எடுத்து பெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது ரிசீவரானாலும் சரி. பட்டியல் மாலை 6.45க்கு வரும். அவர் ஆடவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். உங்கள் லீக்கின் புள்ளிக் கணக்கை இந்த முறையும் எழுதவில்லை.