முழுக் கைக்கு டாட்டூ: ஏஐ கொடுத்த படம் போதுமா?

(வாசகர் கேள்விகளுக்கு மதுரையில் டாட்டூ தொழில் செய்யும் கலைஞர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. இடது கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஃபுல் ஸ்லீவ் போட ஆசை. எங்கள் ஆனைமலைக் காடுதான் தீம். இருவாச்சி, வரையாடு, செங்காந்தள், நடுவில் என் தாத்தாவின் பெயர். சாட்ஜிபிடி, மிட்ஜர்னி என்ற ஏஐ செயலிகளில் நிறைய படங்கள் வரைந்து எடுத்தேன். பிடித்த நான்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இதையே ஸ்டென்சில் (தோலில் பதிக்கும் கோட்டு அச்சு) எடுத்துப் போட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், பொள்ளாச்சி

பதில்: அப்படியே போட முடியாது தம்பி. ஆனால் அந்தப் படங்களை அழித்துவிடாதீர்கள். உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சட்டென்று புரிந்தது அவற்றால்தான். முன்பெல்லாம் "காடு மாதிரி வேணும்க்கா" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

முதலில் உயிரினங்களைப் பார்ப்போம். முதல் படத்தில் இருப்பது இருவாச்சியே இல்லை, தென் அமெரிக்காவின் டூக்கன். பெரிய இருவாச்சிக்கு அலகின் மேல் மஞ்சள் நிறத்தில் தொப்பி போல ஒரு புடைப்பு உண்டு. அது முன்பக்கம் இரண்டாகப் பிரிந்திருக்கும். முகம் கறுப்பு, கறுத்த இறக்கையில் வெள்ளைப் பட்டை, வெள்ளை வாலில் கறுப்புப் பட்டை. இதில் ஒன்றுகூட உங்கள் படத்தில் இல்லை. வரையாட்டுக்கும் அதே கதி. கணுக்கணுவாக நீண்டு வளைந்த கொம்பு ஐரோப்பிய மலையாட்டுடையது. நம் வரையாட்டின் கொம்பு குட்டை, பின்பக்கமாக வளையும். வளர்ந்த கிடாயின் முதுகில் வெளிறிய திட்டு ஒன்று சேணம் வைத்ததுபோல் தெரியும். செங்காந்தள் என்று வந்திருப்பது வெறும் லில்லி. காந்தளுக்கு ஆறு இதழ், ஓரம் நெளிநெளியாக, பின்னோக்கி மடிந்து மேலே எழும். இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக முடியும். அந்தச் சுருளை விட்டுவிடவே விடாதீர்கள். ஒரு உருவத்திலிருந்து அடுத்த உருவத்துக்குக் கோடு இழுத்துப் போக அதைப்போல் வசதியானது வேறு கிடையாது.

வால்பாறைப் பக்கம் போய் வருகிற ஒருவர் உங்கள் கையைப் பார்த்து "இது என்ன பறவை?" என்று கேட்கும்படி ஆகக் கூடாது. நல்ல புகைப்படங்களைத் தேடி எடுத்து ஏஐக்கு மாதிரியாகக் கொடுங்கள். அதன் பிறகும் அது தப்பாக வரைந்தால் அந்த உருவத்தை உங்கள் ஆர்ட்டிஸ்ட் கையாலேயே வரையட்டும்.

தாத்தாவின் பெயரை ஏஐயிடம் கேட்கவே வேண்டாம். இரண்டாவது படத்தில் வந்திருப்பது தமிழ் மாதிரி தெரியும் ஏதோ ஒன்று. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். வீட்டில் பழைய பத்திரமோ கூட்டுறவுச் சங்க பாஸ்புக்கோ இருந்தால் தாத்தாவின் கையெழுத்து அதில் இருக்கும். அதை ஸ்கேன் செய்து எடுத்து வாருங்கள், அதையே ஸ்டென்சில் ஆக்கலாம். எந்த எழுத்துருவும் அதற்கு ஈடாகாது. அளவை மட்டும் குறைக்க வேண்டாம். வருடம் போகப் போக மை தோலுக்குள் கொஞ்சம் பரவி, கோடு தடிக்கும். ண, ன, ஐ போன்ற எழுத்துகளின் சுழி முதலில் அடைந்துவிடும். சுழிக்குள் ஓர் அரிசி கிடக்கும் அளவு இடமாவது இருக்கட்டும்.

இனி முக்கியமான விஷயம். நீங்கள் ஏஐயிடம் "ஃபுல் ஸ்லீவ் டாட்டூ" என்று கேட்டிருக்கிறீர்கள். அது ஜிம் போன ஒரு வெள்ளைக்காரரின் கையோடு சேர்த்தே வரைந்து கொடுத்துவிட்டது. அந்தக் கையிலிருந்து டிசைனை உரித்து எடுக்க முடியாது. படத்தில் தெரிவது கையின் ஒரு பக்கம்தான். அக்குள் பக்கமும் உள்முழங்கையும் அதில் கிடையவே கிடையாது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். உள்ளங்கை மேலே பார்க்க கையை நீட்டி, முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை பால்பாயிண்ட் பேனாவால் நேராக ஒரு கோடு போடுங்கள். இப்போது உள்ளங்கையைக் கீழே திருப்புங்கள். மேல் முனை அசையாது. மணிக்கட்டுப் பக்கம் கோடு சுற்றிக்கொண்டு போய்விடும். வரையாட்டின் முகத்தை மணிக்கட்டருகே வைத்தால் ஒவ்வொரு முறை கை திருப்பும்போதும் அது கோணும். முகங்களை மேல்கையின் வெளிப்பக்கத்திலும், முன்கையில் முழங்கைக்குச் சற்றுக் கீழேயும் வையுங்கள். முழங்கை முட்டியிலும் மடிப்பிலும் இலை, மஞ்சு (மூடுபனி), பாறை போதும். அங்கே வலியும் அதிகம், மை ஒரே சீராக நிற்பதும் கஷ்டம்.

நான் செய்யச் சொல்வது இதுதான். கையைச் சுற்றி கிளிங் ஃபிலிம் (சாப்பாட்டை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) சுற்றச் சொல்லி, அதன் மேல் மார்க்கரால் முட்டி, மடிப்பு, தோள் எல்லாவற்றையும் குறித்து, ஓரத்தில் வெட்டி விரித்து எடுங்கள். உங்கள் கையின் உண்மையான வரைபடம் அது. ஏஐயிடம் கை வேண்டாம், நிறம் வேண்டாம் என்று சொல்லி, வெள்ளைப் பின்னணியில் தனித்தனி உருவங்களாகக் கறுப்பு வெள்ளையில் கேளுங்கள். மஞ்சும் மலை அடுக்கும் மரக்கிளையும் எப்படி ஓடலாம் என்று சின்னச் சின்ன மாதிரிகளாக நிறைய கேளுங்கள். பின்னணியில் அது உண்மையாகவே கெட்டிக்காரத்தனம் காட்டும். பிறகு எல்லாவற்றையும் அந்த விரிப்பின் மேல் வைத்து உங்கள் ஆர்ட்டிஸ்ட் கோக்கட்டும்.

நம் தோல் நிறத்தையும் ஏஐ யோசிப்பதில்லை. அது காட்டும் வெள்ளை மினுக்கங்கள் மாநிறத் தோலில் நிற்காது. தோலின் நிறத்தையே வெளிச்சமாக விட்டு, கறுப்பை அழுத்தமாக வைத்தால் இருவாச்சி அத்தனை அழகாக வரும். டிசைனைக் கை அளவுக்கு பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, அறையின் மறுகோடியில் நின்று பாருங்கள். பறவை எது, ஆடு எது என்று தெரியவில்லை என்றால் பாதி விவரத்தைக் குறைக்க வேண்டும்.

இடது கை என்கிறீர்கள். குழந்தையில் போட்ட பிசிஜி தடுப்பூசியின் தழும்பு தோளுக்குக் கீழே இருக்கும். அது தட்டையாக இருந்தால் ஓர் இலைக்குள் மறைத்துவிடலாம். தடித்து, புடைத்து, பளபளவென்று வளர்ந்திருந்தால் உங்களுக்குக் கீலாய்டு (தழும்பு அளவுக்கு மீறி வளர்வது) வரக்கூடிய உடம்பு. ஒரு தோல் மருத்துவரைப் பார்க்காமல் ஊசி வைக்காதீர்கள்.

ஒரே மூச்சில் முடிக்கிற வேலை இல்லை இது. ஒரு சிட்டிங் ஆறிய பிறகுதான் அடுத்தது.

கேள்வி: என் அம்மா போடும் சிக்குக் கோலத்தை முன்கை முழுக்கப் போட்டுக்கொள்ள ஆசை. ஏஐ தரும் கோலம் அழகாக இருக்கிறது, ஆனால் எங்கேயோ இடிக்கிறது. ஏஐ படத்தோடு போனால் ஆர்ட்டிஸ்ட் கோபித்துக்கொள்வாரா?
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: இடிப்பது எங்கே என்று விரலால் கோட்டைத் தொடர்ந்து பாருங்கள் அம்மா. பாதியில் கோடு அறுந்து நிற்கும், இரண்டு புள்ளி ஒரே வளைவுக்குள் மாட்டியிருக்கும். சிக்குக் கோலத்தில் அதுதான் நடக்கக் கூடாதது. அம்மாவிடமே ஒரு தாளில் போடச் சொல்லுங்கள். நம் பாட்டிமார் முன்கையில் கோலத்தைத்தானே பச்சை குத்திக்கொண்டார்கள், அந்த வழியில் இதைவிட நேரான அடி வேறென்ன? முன்கை மணிக்கட்டை நோக்கிக் குறுகும் என்பதால் புள்ளி இடைவெளியையும் கீழே போகப் போகக் குறைக்க வேண்டும். அந்தக் கணக்கு ஆர்ட்டிஸ்டின் பொறுப்பு. ஏஐ படத்தைக் காட்டினால் நான் கோபிக்க மாட்டேன். "இதை அப்படியே போடு, எதையும் மாற்றாதே" என்றால்தான் மனசு வருத்தப்படும்.

கேள்வி: ராணுவத்துக்கு முயற்சி செய்கிறேன். ரத்த தானமும் செய்கிறேன். ஸ்லீவ் போடலாமா?
– கல்லூரி மாணவர், தேனி

பதில்: வேண்டாம் தம்பி, இப்போது வேண்டாம். ராணுவ ஆட்சேர்ப்பு விதியில் முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரையிலான உள்பக்கத்திலும் புறங்கையிலும் மட்டும்தான் நிரந்தர டாட்டூவுக்கு அனுமதி. பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி விலக்கு உண்டு. தோள் வரை போட்டுவிட்டு அழிக்க லேசருக்கு அலைந்தவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். தேர்வெல்லாம் முடிந்து, என்ன வேலை என்று தெரிந்த பிறகு வாருங்கள். ரத்த தானத்துக்கு நம் நாட்டு விதி, டாட்டூ போட்ட நாளிலிருந்து 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது. ஸ்லீவ் என்றால் கடைசி சிட்டிங்கிலிருந்துதான் அந்த 12 மாதம் தொடங்கும்.