84 பக்க டாக்குமென்டில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஆயத்த ஆடை மொத்த வியாபாரம் செய்கிறேன். பில்லிங், ஸ்டாக், இரண்டு கிளைகளின் கணக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சாஃப்ட்வேர் செய்ய 6 லட்சம் ரூபாய் பேசியிருக்கிறோம். தெரிந்தவர் ஒருவர் அழைத்து வந்த கம்பெனி. 84 பக்க ஆங்கில டாக்குமென்டில் கையெழுத்தும் பாதிப் பணமும் கேட்கிறார்கள். "இது வாட்டர்ஃபால் முறை, கையெழுத்துக்கு அப்புறம் எந்த மாற்றத்துக்கும் தனிக் கட்டணம், ஏழு மாதத்தில் மொத்தமாகக் கொடுத்துவிடுவோம்" என்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போது இருக்கிறபடி போடாதீர்கள்.

வாட்டர்ஃபால் என்றால் அருவி. தேவையை எழுதுவது, வடிவமைப்பது, நிரல் எழுதுவது, சோதிப்பது, ஒப்படைப்பது என்று வேலை படிப்படியாகக் கீழே இறங்கும். இறங்கிய தண்ணீர் மேலே ஏறாது. முறையே மோசடி என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் மாதம் நீங்கள் சொல்ல மறந்தது ஏழாம் மாதம்தான் கண்ணில் படும். அதற்குள் பணம் போயிருக்கும்.

சாம்பிள் பீஸ் பார்த்து ஓகே சொல்லாமல் ஐயாயிரம் பீஸுக்குக் கட்டிங் போட விடுவீர்களா? இந்த வாட்டர்ஃபால் முறைக்கு மூலம் என்று எல்லாரும் காட்டுவது வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1970-இல் எழுதிய கட்டுரையை. இப்படி ஒரே இறக்கமாகச் செய்வது ஆபத்தானது, தோல்வியை வரவழைக்கும் என்று அவரே அதில் எழுதியிருக்கிறார். புதிதாகச் செய்வதாக இருந்தால் முதலில் ஒரு மாதிரி செய்து பாருங்கள், வாடிக்கையாளரை ஆரம்பத்திலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அதையெல்லாம் விட்டுவிட்டு, கட்டுரையில் இருந்த படிப்படியாக இறங்கும் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் தொழிலிலேயே பாருங்கள். 2025 செப்டம்பர் 21 வரை ஆயத்த ஆடைக்குப் பீஸ் ஒன்று 1,000 ரூபாய் வரை 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதற்கு மேல் 12. மறுநாள் முதல் 2,500 வரை 5, அதற்கு மேல் 18. அந்த ஜூன் மாதம் கையெழுத்துப் போட்டு, பழைய கணக்கை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தால், டெலிவரி நாளன்று போடும் பில்லே தப்பாக வரும். அதைத் திருத்தவும் தனிக் கட்டணம் கேட்பார்கள். ஒப்பந்தப்படி நியாயம் அவர்கள் பக்கம்தான் நிற்கும். அதனால் வரி விகிதம், விலை வரம்பு இரண்டையும் நீங்களே மாற்றிக்கொள்ள ஒரு திரை வேண்டும், சட்டத்தால் வரும் மாற்றத்துக்குக் கட்டணம் கிடையாது, இந்த இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

பணத்தையும் துண்டு துண்டாகக் கொடுங்கள். சிறிய அட்வான்ஸ் போதும். முதலில் பில்லிங் மட்டும் வரட்டும். ஒரு கவுன்ட்டரில் ஒரு வாரம் நிஜ பில் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த தவணையைக் கொடுங்கள். அப்புறம் ஸ்டாக், அப்புறம் கிளைக் கணக்கு.

ஒரு வேலைக்கு மட்டும் அருவி முறைதான் சரி. அது பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றுவது. இங்கே "போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒரு கிளையில் எக்ஸ்எல் என்றும் இன்னொன்றில் 42 என்றும் ஒரே சைஸைப் பதிந்திருப்பீர்கள். ஒரே பார்ட்டி இரண்டு பெயரில் இருப்பார். எதை எதோடு சேர்ப்பது என்று ஒவ்வொன்றாக எழுதி முடியுங்கள். பிறகு கணக்கின் நகலில் ஒத்திகை பாருங்கள். மார்ச் 31 இருப்பு, பார்ட்டிவாரி பாக்கி, மொத்தம், மூன்றும் ரூபாய் சுத்தமாக டேலி ஆகட்டும். அதற்கு அப்புறம்தான் நிஜமாக மாற்ற வேண்டும். புதியதில் மூன்று நாள் பில் போட்டுவிட்டால் பழையதற்குத் திரும்புவது பெரும்பாடு.

எனக்கு அதிகக் கவலை அந்தத் "தெரிந்தவர்" பற்றித்தான். இந்தத் தொழிலில் கமிஷன் வாங்கிக்கொண்டு ஆள் பிடித்துத் தருபவர்கள் நிறைய. கையெழுத்து வாங்கும் கம்பெனி ஒன்று, நிரல் எழுதுவது வேறு யாரோ. பிரச்சினை வந்தால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார். எழுதப்போகிறவர் யார் என்று நேரில் பாருங்கள், ஒப்பந்தத்திலும் அந்தப் பெயர் இருக்கட்டும்.

சோர்ஸ் கோடு, அதாவது சாஃப்ட்வேருக்காக எழுதிய மூல நிரல், விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். காசு கொடுத்துவிட்டோம், இனி நம்முடையது என்று நினைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியாள் எழுதிய நிரலுக்கு முதல் உரிமையாளர் எழுதியவர்தான். உரிமை உங்களுக்கு வர எழுத்தில் மாற்றித் தர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ஓர் ஆடை வியாபாரி இதையெல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அநியாயம். தகராறு வந்தாலும் நுகர்வோர் ஆணையத்தில் "வணிகத்துக்காக வாங்கியது" என்ற வாதம் குறுக்கே நிற்கும். சிவில் கோர்ட்டில் ஆண்டுகள் ஓடும். சிறு வியாபாரிக்கென்று எளிய தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தம் போட்டுத் தர இத்தனை ஆண்டுகளில் யாருக்கும் தோன்றவில்லையே என்று எரிச்சலாக இருக்கிறது.

சரி, நாளைக்கு ஒன்று செய்யுங்கள். அந்த 84 பக்கத்தையும் தமிழில் நான்கு பக்கமாக எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் கடையில் பில் போடுபவரும் குடோன் பார்ப்பவரும் அதை உட்கார்ந்து படிக்கட்டும். ரிட்டர்ன் சரக்கு, டேமேஜ் பீஸ், பாதி பேல் விற்பனை என்று விட்டுப்போனதை அவர்கள் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள். நான்கு பக்கம் எழுதித் தர மறுக்கும் கம்பெனியிடம் அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள்.